முதலுக்கே மோசம்: போக்கர் கைமுதலின் கதை

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்லாப் பணத்தை வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்க மாட்டார்கள். கலந்துவிட்டால் லாபம் எது, முதல் எது என்றே தெரியாமல் போய்விடும். கடைசியில் 'முதலுக்கே மோசம்' என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான். சீட்டாட்டத்திலும் இதே பழக்கம் உண்டு என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். போக்கர் ஆடுபவர்கள் இதை 'பேங்க்ரோல்' என்று சொல்கிறார்கள். ஆட்டத்துக்கென்றே தனியாக ஒதுக்கி வைத்த பணம். தமிழில் கைமுதல் என்று சொல்லலாம். வாடகைக்கோ படிப்புச் செலவுக்கோ அதில் கை வைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், அது தீர்ந்துபோனால் வாடகைப் பணத்தில் கை வைக்கக் கூடாது.

கேட்க ரொம்ப எளிமையான விதி. ஆனால் இதன் பின்னால் முன்னூற்றைம்பது வருடத்துக் கணிதம் இருக்கிறது. ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. மோட்டல் அறையில் இறந்து கிடந்த ஒரு உலக சாம்பியன் இருக்கிறார். இந்த விதியை உலகத்துக்கே பாடம் நடத்திக் காட்டிய மனிதர், பிறகு இதே விதி மிகப் பெரிய அளவில் மீறப்பட்ட ஒரு வழக்கில் பிரதிவாதியாக நின்றார் என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரமான பகுதி. முதலிலிருந்து பார்ப்போம்.

ஆளுக்கு 12 காசு

சூதாட்டத்தைக் கணக்காகப் பார்க்கும் வழக்கம் 1654-ல் பிளேஸ் பாஸ்கலும் பியர் டி ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் சூடு பிடித்தது. அவர்கள் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். அதைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆர்வமான டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1657-ல் இந்த விஷயத்துக்கென்றே ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் கடைசியில் ஐந்து கணக்குகளை வாசகர்களுக்கு விட்டுவைத்தார். ஐந்தாவது கணக்குதான் நமக்கு முக்கியம்.

இரண்டு பேர். ஆளுக்கு 12 காசு. மூன்று தாயக்கட்டைகளை உருட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 11 வந்தால் முதலாமவர் இரண்டாமவருக்கு ஒரு காசு கொடுக்க வேண்டும். 14 வந்தால் இரண்டாமவர் முதலாமவருக்கு ஒரு காசு கொடுக்க வேண்டும். வேறு எண் வந்தால் ஒன்றுமில்லை. யாராவது ஒருவர் கையில் 24 காசும் சேரும் வரை ஆட்டம் தொடரும். ஜெயிக்கும் வாய்ப்பு யாருக்கு எவ்வளவு?

மூன்று கட்டைகளை உருட்டினால் மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் 11 வருவது 27 விதம், 14 வருவது 15 விதம். அதாவது ஒவ்வொரு காசுக்கும் போட்டி 9-க்கு 5. இரண்டாமவருக்குக் கொஞ்சம் சாதகம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஹைகன்ஸ் கொடுத்த விடை 244140625-க்கு 282429536481. சுருக்கினால் ஒன்றுக்கு ஏறக்குறைய 1157!

ஒரு கையில் தெரியும் சின்ன வித்தியாசம், ஆட்டம் நீண்டுகொண்டே போனால் மலையாகிவிடுகிறது. போக்கர் ஆடும் யாரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். நம்மைவிடக் கொஞ்சமே நன்றாக ஆடுகிற ஒருவனோடு தினமும் உட்கார்ந்தால், என்றைக்கோ ஒருநாள் எல்லாக் காசும் அவனிடம்தான் இருக்கும்.

இதே கணக்கின் இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு பேரும் சமமான திறமை என்றே வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் 10 காசு, மற்றவரிடம் 90 காசு. ஒவ்வொரு காசாக ஆடினால், 10 காசுக்காரர் ஓட்டாண்டியாகும் வாய்ப்பு சரியாக 90 சதவீதம். ஆட்டத்தில் எந்த மோசடியும் இல்லை. பை சின்னது, அது ஒன்றுதான் குற்றம். கணிதப் புத்தகங்களில் இதற்கு 'சூதாடியின் அழிவு' என்றே பெயர்.

டெலிபோன் கம்பெனியில் பிறந்த சூத்திரம்

கையில் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம் என்று ஹைகன்ஸ் காட்டினார். அதில் எவ்வளவு எடுத்து வைத்து ஆடலாம்? இதற்கு விடை வர இன்னும் முன்னூறு வருடம் ஆனது. சொன்னவர் சூதாடி இல்லை. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி என்ற இயற்பியலாளர். 1956-ல் அவர் எழுதிய கட்டுரை, இரைச்சல் கலந்த ஒரு கம்பி வழியாக முன்கூட்டியே போட்டி முடிவு கிடைக்கும் ஒரு சூதாடியைக் கற்பனை செய்தது. அவனுக்குக் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் சரி, சில சமயம் தப்பு. அவன் கையிலிருப்பதில் எத்தனை பங்கைக் கட்டினால் பணம் மிக வேகமாக வளரும்?

கெல்லியின் விடை: எவ்வளவு சாதகம் இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும். காசு சுண்டுவது போன்ற சம பந்தயத்தில் 55 சதவீதம் ஜெயிப்பீர்கள் என்றால், 55-லிருந்து 45-ஐக் கழித்து, கையிலிருப்பதில் 10 சதவீதம் கட்டலாம்.

சரி, அதைவிட அதிகமாகக் கட்டினால் என்ன? கணக்குப் போட்டே பார்க்கலாம். 1000 டாலரோடு ஆரம்பித்து 100 பந்தயம் ஆடுகிறோம். 55 ஜெயம், 45 தோல்வி. ஒவ்வொரு முறையும் கையில் உள்ளதில் 10 சதவீதம் கட்டியவரிடம் முடிவில் சுமார் 1650 டாலர் இருக்கும். 20 சதவீதம் கட்டியவரிடம் சுமார் 986. 40 சதவீதம் கட்டியவரிடம்? வெறும் 11 டாலர்!

மூன்று பேரும் ஆடியது ஒரே ஆட்டம். ஜெயித்தது ஒரே எண்ணிக்கை. அதுவும் தோற்றதைவிட அதிகமாகவே ஜெயித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஒருவர் லாபத்தில், ஒருவர் போட்டதற்குச் சற்றுக் குறைவாக, ஒருவர் தெருவில். பாதிப் பணம் போனால் பழைய இடத்துக்கு வர இருப்பதை இரண்டு மடங்காக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

இந்தச் சூத்திரத்தை முதலில் சீட்டு மேஜைக்குக் கொண்டுபோனவர் எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர். பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டுகளை எண்ணி ஜெயிக்க முடியும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். கெல்லியின் கட்டுரையைப் படிக்கச் சொன்னவர் தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன். 1961-ல் தார்ப் நெவாடாவுக்குப் போனபோது, பணம் போட வந்தவர்கள் ஒரு லட்சம் டாலர் தரத் தயாராக இருந்தார்கள். அவர் பத்தாயிரம் போதும் என்றார். அங்கேயும் சின்னத் தொகைகளில் ஆரம்பித்து, மனசு பழகப் பழகத்தான் மேலே ஏறினார். பத்தாயிரம் இரண்டு மடங்கானது. அடுத்த வருடம் வெளிவந்த அவருடைய 'பீட் த டீலர்' புத்தகம் சூதாட்ட உலகையே ஒரு கலக்குக் கலக்கியது.

சாம்பியன்கள் ஓட்டாண்டியான கதை

போக்கர்காரர்கள் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

1960-களில் டெக்சாஸில் டாயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், செய்லர் ராபர்ட்ஸ் என்று மூன்று பேர் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். மூவருக்கும் ஒரே பொதுக் கைமுதல். வழியில் கொள்ளை, போலீஸ் தொல்லை எல்லாம் தாண்டி சில வருடங்களில் நன்றாகச் சேர்த்தார்கள். பிறகு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு லாஸ் வேகாஸ் போனார்கள். லட்சத்தைத் தாண்டிய அந்தத் தொகை அங்கே முழுதாகப் போனது. கூட்டும் அத்தோடு கலைந்தது. இவர்கள் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை. மூன்று பேருமே 1970-களில் உலகப் போக்கர் போட்டியின் முக்கியப் பட்டத்தை ஜெயித்தவர்கள்.

இதைவிட வருத்தமான கதை ஸ்டூ அங்கருடையது. 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் உலக சாம்பியன். சீட்டு ஞாபகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மேஜையில் சம்பாதித்ததைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் விட்டார். போதைப் பழக்கமும் சேர்ந்தது. 1997-ல் மறுபடி உலகப் போட்டிக்கு வந்தபோது நுழைவுக் கட்டணமான 10,000 டாலர்கூட அவரிடம் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர் கட்டினார். அங்கர் மூன்றாவது முறையாகச் சாம்பியன் ஆனார். 10 லட்சம் டாலர் பரிசு, பாதி நண்பருக்கு. அடுத்த வருடம் நவம்பர் மாதம் லாஸ் வேகாஸில் ஒரு மலிவான மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 45. அடக்கச் செலவுக்கு நண்பர்கள் வசூல் செய்ய வேண்டியிருந்தது.

அங்கரிடம் திறமை குறைவில்லை. போக்கரில் அவருக்கு இருந்த சாதகம் குதிரைகளிடம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பணம் ஒரே பையிலிருந்து போனது. கடைக் கல்லாவையும் வீட்டுச் செலவையும் கலக்கக் கூடாது என்று வியாபாரி சொல்வது இதைத்தான்.

கணக்குப்பிள்ளை சாம்பியன் ஆனார்

அதுவரை இதெல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்களின் கவலை. 2003-ல் நிலைமை மாறியது. டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிச் சுற்று வழியாக உலகப் போட்டிக்கு வந்து 839 பேரில் முதலாவதாக வந்தார். பரிசு 25 லட்சம் டாலர். (பெயரே 'பணம் பண்ணுபவர்' என்பது தற்செயல்தான், நிஜப் பெயர்!) 2006-ல் அதே போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர். நடுவில் லட்சக்கணக்கான மாணவர்களும் அலுவலகக்காரர்களும் வீட்டிலிருந்தே ஆட ஆரம்பித்திருந்தார்கள்.

பொழுதுபோக்குக்கு ஆடுபவரின் நிலை தொழில்முறைக்காரரின் நிலையிலிருந்து வேறு. தொழில்முறைக்காரர் கைமுதலிலிருந்தே சாப்பிட வேண்டும். அது தீர்ந்தால் வேலை போன மாதிரி. பொழுதுபோக்குக்காரருக்குச் சம்பளம் இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இவருக்குத்தான் ஆபத்து குறைவு. நிஜத்தில் ஆபத்தே அந்தச் சம்பளக் கணக்குதான். ராத்திரி இரண்டு மணிக்குத் தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தக் கணக்குக்கும் நடுவில் ஒரே ஒரு சொடுக்கு.

போக்கரில் நல்ல சீட்டோடு தோற்பது அபூர்வம் இல்லை. கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. ஏஸ்காரர் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம். இதைவிட நல்ல நிலை கிடைப்பது கஷ்டம். இதை நம்பி ஒவ்வொரு முறையும் கைமுதல் முழுவதையும் நடுவில் தள்ளினால், ஐந்து முறைக்குப் பிறகும் பிழைத்திருக்கும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம்தான். அதனால்தான் அந்தக் காலத்தில் சில கட்டைவிரல் கணக்குகள் பரவின. பெட் தொகைக்கு வரம்புள்ள ஆட்டத்துக்கு 300 பெரிய பெட் இருக்க வேண்டும். வரம்பில்லாத ஆட்டத்துக்கு, மேஜையில் உட்காரக் கட்டும் தொகையைப் போல் குறைந்தது 20 மடங்கு இருக்க வேண்டும்.

சைபரிலிருந்து பத்தாயிரம்

இந்தக் கணக்குகளை எல்லோரும் சொன்னார்கள், சிலரே கடைப்பிடித்தார்கள். கடைப்பிடித்துக் காட்டியவர் கிறிஸ் ஃபெர்குசன். நீண்ட முடி, தாடி, கறுப்புத் தொப்பி. தோற்றத்தால் 'ஜீசஸ்' என்ற பட்டப்பெயர். அப்பா கலிஃபோர்னியாவில் கணிதப் பேராசிரியர். மகனும் கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2000-ல் உலகப் போட்டியில் 15 லட்சம் டாலர் ஜெயித்தார். 2004-ல் தொடங்கிய ஃபுல் டில்ட் போக்கர் என்ற இணையதளத்தின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர்.

2006-ல் அவர் ஒரு சவாலை எடுத்துக்கொண்டார். ஒரு பைசா போடாமல் ஆரம்பித்து 10,000 டாலர் சேர்ப்பது. கட்டணமில்லாத 'ஃப்ரீரோல்' போட்டிகளில் ஆடி முதல் சில டாலர்களைச் சம்பாதிக்க வேண்டும். பிறகு மூன்று விதிகள்.

1. பண மேஜையிலோ ஒற்றை மேஜைப் போட்டியிலோ உட்காரும்போது கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது.
2. பல மேஜைகள் கொண்ட பெரிய போட்டி என்றால் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது.
3. பண மேஜையில் ஜெயித்து, முன்னால் இருக்கும் சிப்ஸ் கைமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் எழுந்துவிட வேண்டும்.

(ஆரம்பத்தில் கையில் ஒன்றுமே இல்லாததால், மிகச் சிறிய கட்டண ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு.)

பெரிய போட்டிக்கு ஏன் 2 சதவீதம்? அங்கே பரிசுப் பணம் முதல் சில இடங்களில் குவிந்திருக்கும். நன்றாக ஆடுபவரும் பல போட்டிகளில் வெறுங்கையோடு திரும்புவார். மூன்றாவது விதிதான் பலருக்குப் புரியாதது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஏன் எழுந்திருக்க வேண்டும்? சட்டைப்பைக்குள் போகாத வரை மேஜையில் இருக்கும் சிப்ஸும் ஆபத்தில் இருக்கும் பணம்தான். ஒரே கையில் அத்தனையும் போகலாம்.

முதல் பல மாதங்கள் ஒன்றும் நகரவில்லை. ஒரு டாலர், இரண்டு டாலர் வரும், போகும், மறுபடி சைபர். லட்சக்கணக்கில் ஜெயித்த உலக சாம்பியன் ஒரு டாலர் போட்டியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. கொஞ்சம் சேர்ந்த பிறகு வேகம் பிடித்தது. தோற்கும்போதெல்லாம் விதி அவரைக் கீழ் மேஜைக்கு இறக்கியது, அவரும் வெட்கப்படாமல் இறங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. 2007-ல் 10,000 டாலரைத் தொட்டார்.

கல்லாவைக் கலந்த கடை

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அரசு போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சொல்யூட் போக்கர் ஆகிய மூன்று தளங்களின் மீது பாய்ந்தது. தளப் பெயர்கள் முடக்கப்பட்டன, 11 பேர் மீது குற்றச்சாட்டு. ஆட்டக்காரர்கள் இதைக் 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். போக்கர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களின் பணத்தைக் கம்பெனிப் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்திருந்தது. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஃபுல் டில்ட் கொடுக்கவில்லை. கொடுக்க அதனிடம் இல்லை!

அந்த வருடம் செப்டம்பரில் அரசு வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் கணக்கு வெளியே வந்தது. மார்ச் 31 நிலவரப்படி ஃபுல் டில்ட் உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. 2007-லிருந்து இயக்குநர்களும் பங்குதாரர்களும் எடுத்துக்கொண்டது 44 கோடிக்கும் மேல் என்றது அரசு. போதாததற்கு, ஆட்டக்காரர்களின் வங்கியிலிருந்து பணத்தை வசூலிக்க வழியில்லாதபோதும் அவர்கள் கணக்கில் பணம் வந்ததாக வரவு வைத்ததில் மட்டும் சுமார் 13 கோடி டாலர் ஓட்டை. இல்லாத பணத்தை வைத்து ஜனங்கள் ஆடியிருக்கிறார்கள், ஜெயித்தவர்களுக்கு அதிலிருந்தே பட்டுவாடாவும் நடந்திருக்கிறது.

அந்த மனுவில் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்ட இயக்குநர்களில் ஒருவர் கிறிஸ் ஃபெர்குசன்.

ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரு மேஜையில் வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தவரின் கம்பெனி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதில் ஆறில் ஒரு பங்கைக்கூடக் கையில் வைத்திருக்கவில்லை. அவருடைய விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்து 500 டாலர், 1000 டாலர் என்று சேர்த்த எத்தனையோ பேரின் கைமுதல் அந்தத் தளத்திலேயே மாட்டிக்கொண்டது. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. வாடகைப் பணத்தைத் தொடவில்லை, பெரிய மேஜைக்கு ஆசைப்படவில்லை. ஆனால் ஒதுக்கிய பணத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் கைமுதல் நிர்வாகத்தில் ஒரு பகுதி என்று அன்றைக்கு யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

2012 ஜூலையில் போக்கர்ஸ்டார்ஸ் அரசோடு 73.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்து ஃபுல் டில்டை வாங்கியது. மற்ற நாட்டுக்காரர்களுக்கு அந்த வருடமே பணம் கிடைத்தது. அமெரிக்கர்களுக்குத் திரும்ப வர 2014 ஆனது. மூன்று வருடம்! ஃபெர்குசன் 2013-ல் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே வழக்கை முடித்துக்கொண்டார். 2016-ல் மறுபடி உலகப் போட்டிக்கு வந்தார், 2017-ல் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கினார், 2018-ல் ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒரு வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். பல ஆட்டக்காரர்களுக்கு அது போதவில்லை.

விதி எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது

இத்தனைக்கும் பிறகு அந்த மூன்று விதிகள் பொய்யாகிவிடவில்லை. கணிதம் சொன்னவரைப் பார்த்து மாறுவதில்லை. ஆனால் அவற்றால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கைமுதல் நிர்வாகம் நன்றாக ஆடுபவரைத் துரதிர்ஷ்டத்திலிருந்து காப்பாற்றும். சுமாராக ஆடுபவரை ஜெயிக்க வைக்காது. ஒவ்வொரு கையிலும் நடத்துபவர் கமிஷன் எடுத்துக்கொள்வதால், மேஜையில் உள்ளவர்கள் எல்லோரும் சமம் என்றாலே எல்லோருக்கும் நஷ்டம்தான். அவர்கள் நிலை ஹைகன்ஸின் முதலாமவர் நிலை. சாதகம் இல்லாதவருக்குக் கெல்லியின் சூத்திரம் தரும் விடை சைபர், அதாவது கட்டாதே. அப்படிப்பட்டவருக்குக் கைமுதல் என்பது முதலீடே இல்லை, ஒரு செலவு. சினிமாவுக்கு ஒதுக்குகிற மாதிரி. தீர்ந்ததும் எழுந்து வரவேண்டிய இடத்தைக் காட்டும் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைத் தாண்டிக் கடன் வாங்கியவர்களின் கதைகள் செய்தித்தாளில் நிறைய வந்துவிட்டன. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியபோது பேசப்பட்ட முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று.

போக்கரே ஆடாதவர்களுக்கும் இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது. பங்குச்சந்தையில் பணம் போடுபவர், சீட்டுக் கம்பெனியில் மாதாமாதம் கட்டுபவர், புதுக்கடை வைப்பவர் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. இது முழுக்கப் போனாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? இது இப்போது யார் கையில் இருக்கிறது, அவர் இதைத் தன் பணத்தோடு கலக்காமல் வைத்திருக்கிறாரா? ஃபுல் டில்டில் ஆடியவர்களில் பலர் முதல் கேள்வியைச் சரியாகவே கேட்டிருந்தார்கள். இரண்டாவதைக் கேட்காததற்கு மூன்று வருடம் காத்திருந்தார்கள்.